ஏழாவது ஸ்டென்சில்

கிளாரா பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். எட்டரைக்கே வந்துவிட்டாள். நாகல் நகரில் பாதிக் கடைகள் இன்னும் ஷட்டரைத் தூக்கவில்லை. மொபெட்டை ஓரமாக நிறுத்தி, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, 'சகாயமாதா கம்ப்யூட்டர்ஸ்' போர்டுக்குக் கீழே போய் நின்றாள். டிசம்பர் பிறந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் கடை வாசலில் காகித நட்சத்திரம் கட்டியாகிவிட்டது.

நின்றுபோன மெஷினைப் பார்த்துப் பயனில்லை, ஓடும்போதே பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. இதற்கு முன் இந்தக் கடைக்கு மூன்று மெக்கானிக்குகள் வந்து போயிருந்தார்கள். மூவருமே பிரிண்டர் நின்றுபோன பிறகு, மத்தியானத்துக்கு மேல் வந்தவர்கள். ஒருவர் பக்கத்து மாவு மில்லைக் குற்றம் சொல்லி ஒரு ஸ்டெபிலைசரை விற்றுவிட்டுப் போனார். இன்னொருவர் ஒயரை மாற்றினார். மூன்றாமவர் மூடியைக்கூடத் திறக்காமல், போர்டு போய்விட்டது, இதைக் காயலான் கடைக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அது பழைய, அகலமான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஊரில் புது மாதிரி பிரிண்டர்கள் வந்து இரண்டு வருஷம் ஆனாலும் இதற்கு வேலை குறையவில்லை. ரிப்பனைக் கழற்றிவிட்டு மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை உள்ளே விட்டால், அதன் ஊசிகள் எழுத்து எழுத்தாகத் துளைத்துத் தரும். அந்தத் தாளை மை உருளையில் மாட்டினால் இருநூறு கேள்வித்தாள் வேண்டுமானாலும் உருட்டிக்கொள்ளலாம். சின்னப் பள்ளிகளும் டியூஷன் சென்டர்களும் பரீட்சைக்குப் பரீட்சை இந்தக் கடையைத்தான் தேடி வந்தன. ஆனால் ஸ்டென்சில் பாதியில் இருக்கும்போது மெஷின் அணைந்தால் தொலைந்தது. திரும்ப உயிர் வரும்போது ஊசி வேறு இடத்தில் போய் நிற்கும். அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

ஆகஸ்டு மாதத்திலிருந்து அது அப்படித்தான் அணைந்துகொண்டிருந்தது. சில நாள் மூன்றாவது தாளில், சில நாள் ஐந்தாவதில். எப்படிப் பார்த்தாலும் ஏழாவது ஸ்டென்சிலைத் தாண்டியதில்லை. கால் மணி நேரம் கழித்துத் தானாகவே விளக்கு எரியும், திரும்பவும் அணையும்.

கடைக்காரன் அமலனைக் கிளாராவுக்கு மூன்று வருஷமாகத் தெரியும். கீபோர்டு பழுது பார்க்க வந்த இடத்தில் தொடங்கிய பழக்கம். இந்தக் கோடையில் அவனே அவளிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டான். அம்மாவிடம் மட்டும் கடை கொஞ்சம் நிலைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றான். கடை நிலைக்கு வருவதற்குப் பதிலாக நின்று நின்று போனது. இப்போது மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்வார். வருகிறேன் என்றால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் விமானம்.

திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வு. பக்ருன்னிசா டீச்சரின் பள்ளிக்கு இருபத்துநாலு ஸ்டென்சில் இன்று மூன்று மணிக்குள் வேண்டும். அது முடிந்தால் ஏஜென்டிடம் வரவில்லை என்று சொல்லிவிடுவதாக அமலன் சொல்லியிருந்தான். முடியாவிட்டால் மெஷினும் போயிற்று, கடையும் போயிற்று, அவனும் போனான். கிளாரா அதற்காகக் கலங்கவில்லை. மெஷின் நிற்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணம் இருந்தால் தன் கண்ணில் படாமல் எங்கே போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் மேட்டுப்பட்டியிலிருந்து வண்டியை எடுத்தாள்.

ஷட்டரைத் தூக்கியது அமலனின் அம்மா சகாயராணி. ஐம்பத்தைந்து வயது, நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளாமல் எதையும் தொட மாட்டார். கணவர் போன பிறகு அவர் பணத்தில் இந்தக் கடையை வைத்ததும், தட்டச்சு தெரிந்த கையால் கம்ப்யூட்டர் பழகியதும் அவர்தான். கிளாராவைக் கண்டதும், மெக்கானிக் பொண்ணு நேரத்தோட வந்திருச்சே என்று மகனிடம் சொல்லிவிட்டு, வழக்கமான காலை வேலையைத் தொடங்கினார். படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி. அலமாரியிலிருந்து ஒரு பாட்டில். கோயிலில் மந்திரித்து வாங்கிய தீர்த்தம். வாசற்படிக்கு ஒரு தெளி, மேஜைக்கு ஒரு தெளி, குனிந்து நின்ற மகன் தலைக்கு ஒரு தெளி. கடைசியாக வாசல் பக்கம் நின்றபடியே உள்ளங்கை நிறைய எடுத்து, பிரிண்டரின் மேல் மூன்று முறை. அமலன் ஒரு துணியை எடுத்து அதன் மூடியைத் துடைத்தான். தினமும் செய்கிற வேலை என்பது அவன் கை போன போக்கிலேயே தெரிந்தது.

கிளாரா பையிலிருந்து ஒரு குண்டு பல்பை எடுத்தாள். ஹோல்டரில் மாட்டி, இரண்டு முழம் ஒயர் விட்டு அவளே கட்டி வைத்திருந்த பல்பு. பிரிண்டர் செருகியிருந்த அதே பிளக் பலகையில் அதையும் செருகினாள். பழைய ஸ்டென்சில் தாள்களைப் போட்டு ஓட்டச் சொன்னாள். மெஷின் கரகரவென்று தொடங்கியது. பக்கத்து மில்லும் அந்த நேரத்துக்குச் சரியாக ஓட ஆரம்பித்தது.

மில்காரர் பொம்மையன் தலையெல்லாம் மாவோடு வாசலில் வந்து நின்றார். இன்றைக்கும் தன் மில்லின் மேல்தான் பழி வரப்போகிறதா என்று தெரிந்துகொள்ள வந்தவர்.

"நில்லுங்கண்ணே," என்றாள் கிளாரா. "செத்த நேரத்துல தீர்ப்பு."

நாலாவது தாளின் நடுவில் பிரிண்டர் அணைந்தது. ஊசி நின்றது, பச்சை விளக்கு போனது. கிளாரா பிரிண்டரைப் பார்க்கவில்லை, பல்பைப் பார்த்தாள். அது கொஞ்சமும் மங்காமல் எரிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் இந்தப் பலகை வரைக்கும் ஒழுங்கா வந்துக்கிட்டுத்தான் இருக்கு. மில்லு மேல குத்தம் இல்ல."

"கேட்டுக்கங்க," என்றார் பொம்மையன், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி. "நாலு மாசமா என்னையத் திருடனப் பாக்குற மாதிரி பாத்தீகளே, அம்மா."

பொம்மையன் ஜெயித்த சந்தோஷத்தில் நாலு டீ சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்; டீயும் வந்தது.

கிளாரா அடுத்ததாக மானிட்டரின் ஒயரை உருவிப் பிரிண்டரில் போட்டாள். கொஞ்சம் ஓடி, மறுபடி அணைந்தது. ஆக ஒயரும் இல்லை. வெளியே தேட வேண்டியதெல்லாம் முடிந்தது, இனி உள்ளே. செருகியதை உருவி, தரையில் ஒரு சாக்கை விரித்து, மெஷினை அதன் மேல் இறக்கினாள். நாலு திருகாணிகள். மூடியைத் தூக்கியதும் நாலு வருஷத் தூசியும் மெழுகுத் துகளும் சேர்ந்த வாசனை வந்தது. போர்டு சுத்தமாக இருந்தது. எங்கும் கருகல் இல்லை, உப்பிய பாகம் இல்லை. போர்டு போய்விட்டது என்று சொன்னவரை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே வந்தாள். இடது மூலையில் சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு வந்தபோது மீட்டரின் முள் நடுங்கியது. விரலால் சுவிட்சை லேசாகத் தட்டினாள். முள் விழுந்தது. இன்னொரு தட்டு. எழுந்தது.

இதுதான் என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு அக்கம்பக்கம் மறந்துவிடும்.

"அத்தை, அந்த டார்ச்சக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க," என்றாள், தலையைத் தூக்காமல்.

டீ குடித்துக்கொண்டிருந்த அமலனுக்குப் புரையேறியது. சகாயராணி டார்ச்சை எடுத்து, சொன்ன இடத்தில் பிடித்தார். கிளாராவுக்குத் தான் சொன்னது காதிலேயே விழவில்லை.

வெளிச்சம் விழுந்ததும் தெரிந்தது. சுவிட்சின் அடியில், ஒயர் வந்து சேரும் பித்தளைக் காலில், வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அதன் ஓரமெல்லாம் பச்சை. ஒரு கால் பாதி அரித்து, மயிரிழைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் விட்டுவிடும். ஆறினால் மறுபடி ஒட்டும். எல்லாம் சரிதான். ஆனால் மழை ஒழுகாத, குழாய் இல்லாத இந்த அறையில் சுவிட்சுக்குள் இது எப்படிப் பூத்தது?

பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மேலே துணி போகிற இடமெல்லாம் துப்புரவு. துணி போகாத இடது மூலையில், சுவிட்ச் வெளியே தெரியும் ஓட்டையைச் சுற்றி, கஞ்சி தெளித்துக் காய்ந்தது போல வெள்ளைப் புள்ளிகள். நேராக வாசலைப் பார்த்த மூலை. காலையில் சகாயராணி எங்கே நின்றுகொண்டு தெளித்தார் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

சகாயராணி அடுப்பில் உலை வைத்ததைப் பார்க்க உள்ளே போனார். கடைக்குப் பின்னால்தான் வீடு. கிளாரா மூடியை அமலனிடம் நீட்டி, புள்ளிகளைக் காட்டினாள். அவனுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான். அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே. சுத்தம் பண்ணி மாட்டிவிட்டால் இன்றைக்கு வேலை நடந்துவிடும். தீர்த்தத்தைக் குறை சொன்னால் அவர் தாங்கமாட்டார். சொல்பவள் கிளாரா என்றால் பிறகு அவளைப் பற்றி அம்மாவிடம் எந்த முகத்தோடு பேசுவது?

"அம்மாட்ட நான் பெறகு சொல்லிக்கிறேன்," என்று முடித்தான்.

"நீங்க பெறகு சொல்லுவேன்னு சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள் கிளாரா. "சித்திரையில இருந்து ஒண்ணு பாக்கி இருக்கு."

அவளுக்கு அவன் மேல் கோபம் இல்லை. அவன் பயம் நியாயமான பயம்தான். அந்த அம்மாள் மனம் முறிந்தால், மெஷின் ஓடியும் தனக்குப் பயனில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் இப்போது துடைத்து மாட்டிவிட்டு, நாளைக் காலை மறுபடி உள்ளங்கை நிறையத் தெளித்தால், பொங்கலுக்குள் அதே மூலையில் அதே வெள்ளை பூக்கும். வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுச் சம்பந்தம் பேச வருவது அவளால் ஆகாத காரியம்.

சகாயராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கிளாரா எழுந்து நின்று, மூடியை அவர் முன்னால் பிடித்தாள்.

"அம்மா, இந்தப் புள்ளியத் தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க."

சகாயராணி அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு விரலை நனைத்து, தொட்டு, நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார்.

"உள்ள சுவிட்சுக்குள்ள இருக்கிறதும் இதுதாம்மா. தண்ணி காஞ்சு போயிரும். உப்பு போகாது. அங்கயே உக்காந்து அரிக்கும்."

"தீர்த்தத்துல ஏது உப்பு?" என்று அமலன் நடுவில் வந்தான், அம்மாவைக் காப்பாற்றுகிறவன்போல.

"நான்தாண்டா போட்டேன்."

சகாயராணி பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழாவில் மந்திரித்த உப்பு வாங்கினாராம். நிலைப்படியில் போடுவது வழக்கம். இந்தத் தடவை, மெஷினுக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று தீர்த்தத்திலும் ஒரு சிட்டிகை கலந்து தெளித்திருக்கிறார். ஆகஸ்டில் முதல் தடவை நின்றது. சரி, சிட்டிகை போதவில்லை என்று ஒரு கரண்டி. அதன் பிறகும் நின்றது. இரண்டு கரண்டி. நிற்க நிற்க உப்பு கூடியது. உப்பு கூடக் கூட மெஷின் நின்றது. அவர் சொல்லிக்கொண்டு வரும்போதே அதன் கணக்கு அவருக்கே புரிந்துகொண்டு வந்தது.

"உங்க வேண்டுதல்ல குறை இல்லம்மா," என்றாள் கிளாரா. "ஆனா இதுக்குள்ள கரண்ட் ஓடுது. நான் இன்னிக்கு ஒண்ணும் சொல்லாம சுத்தம் பண்ணிட்டுப் போயிருக்கலாம். அடுத்த மாசம் திரும்ப நிக்கும். அப்ப இவரு மறுபடி மஸ்கட்டுன்னு கெளம்பிருவாரு."

"அவன் மஸ்கட்டுக்குப் போனா ஒனக்கு என்ன?"

கேட்டது சாதாரணக் குரலில்தான். அமலன் கையிலிருந்த திருகாணி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. கிளாரா அதை எடுக்கக் குனியவில்லை.

"எனக்கு நெறைய இருக்கும்மா," என்றாள்.

சகாயராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனைப் பார்த்தார். அவன் தரையில் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தான். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுப்படியில் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது. கிளாரா மறுபடி சாக்கில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியது சொல்லியாகிவிட்டது. இனி கை வேலை. அந்தச் சுவிட்சை அடியோடு வெட்டி எடுத்தாள். அரித்த ஒயர் நுனிகளை நறுக்கி, பளபளவென்று செம்பு தெரியும்வரை சீவி, ஒன்றோடு ஒன்று முறுக்கி ஈயம் பற்ற வைத்து, டேப் சுற்றினாள். இன்றைக்குச் சுவரில் உள்ள சுவிட்சிலேயே போட்டு அணைத்துக்கொள்ளலாம். புதுச் சுவிட்சைத் திங்கட்கிழமை கொண்டுவந்து மாட்டுவதாகச் சொன்னாள். உள்ளே சிந்தியிருந்த உப்பை ஒரு பிரஷ்ஷால் கூட்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். மூடியை மாட்டி, மேஜையில் ஏற்றினார்கள். மணி பதினொன்றே முக்கால்.

பக்ருன்னிசா டீச்சரின் முதல் ஸ்டென்சிலை அமலன் உள்ளே விட்டான். ஐந்தாம் வகுப்புத் தமிழ். கரகரவென்று ஊசி இறங்கியது. முடிந்தது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதின் நடுவில் அமலன் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அது தாண்டியது. ஐந்து. ஆறு. மில் ஓடிக்கொண்டிருந்தது. பொம்மையன் கைவேலையை விட்டுவிட்டு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏழாவது தாள் கணக்குப் பரீட்சை. பின்னங்களும் கோடுகளுமாக ஊசிக்கு வேலை அதிகம். கிளாரா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மெஷினைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் இல்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்று வெகு நேரம் ஆனதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. தாள் முழுதாக வெளியே வந்தது. அமலன் எட்டாவதை எடுத்தான்.

"ஏழு தாண்டிருச்சு."

சொன்னது சகாயராணி. நடைக்கதவில் நின்றிருந்தார். கையில் ஜெபமாலை. அடுப்படியில் உட்கார்ந்து காதாலேயே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். கொஞ்ச நேரம் எட்டாவது தாளையும் நின்று பார்த்தார். பிறகு மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் மேஜை ஓரத்தில் வைத்தார்.

"மெஷினை நிப்பாட்ட வேணாம். அது பாட்டுக்கு ஓடட்டும். உக்காந்து சாப்பிடு தாயி. வெஞ்சனம் முட்டைக்கோசுதான்."

காலையில் மெக்கானிக் பொண்ணாக இருந்தவள் தாயி ஆனதைக் கிளாரா கவனித்தாள். கேட்காமலே இரண்டாவது தடவையும் சோறு விழுந்ததையும் கவனித்தாள். ஆனால் வேறு ஒன்றும் அந்த அம்மாள் பேசவில்லை. அவளும் அவசரப்படவில்லை.

இரண்டரைக்கு இருபத்துநாலாவது ஸ்டென்சில் வெளியே வந்தது. மூன்றுக்கு பக்ருன்னிசா டீச்சர் வந்தார். கிடைக்காது என்ற முடிவோடு, திட்டுவதற்குத் தயாராக வந்தவர். ஸ்டென்சில் கட்டை வாங்கி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முழுப்பரீட்சைக்கும் இங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு மணிக்குப் போன் அடித்தபோது கிளாரா பையை மூடிக்கொண்டிருந்தாள். அமலன் அம்மாவைப் பார்த்தான். சகாயராணி ரிசீவரை எடுத்து, காதில் வைக்காமலே அவனிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு. பெறகு சொல்றேன்னு மட்டும் சொல்லிராத."

அமலன் வாங்கினான். ஒருமுறை கனைத்தான்.

"நான் வரலண்ணே," என்றான். "இல்லண்ணே, பெறகும் இல்ல. எனக்கு இங்க வேல இருக்கு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவன் காது மடல் சிவந்தது. "ஆமாண்ணே. கல்யாணமும் இருக்கு. அம்மாட்ட இப்பத்தான் சொல்றேன்."

சகாயராணி போனைப் பார்க்காமல், காகித நட்சத்திரத்தின் கயிற்றை இழுத்து, அதற்குள் பல்பு சரியாக எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது எரிந்தது.

திங்கட்கிழமை காலையில் கிளாரா புதுச் சுவிட்சோடு வந்தாள். இந்த முறையும் சொன்ன நேரத்துக்கு முந்தித்தான். மெழுகுவத்தி ஏற்றியாகிவிட்டது. பாட்டிலைத் திறந்து, வாசற்படிக்கு ஒரு தெளி, மேஜைக்கு ஒரு தெளி, அமலன் தலைக்கு ஒரு தெளி போட்டுக்கொண்டு வந்த சகாயராணி, பழக்கத்தில் உள்ளங்கை நிறைய ஊற்றிக்கொண்டு பிரிண்டருக்கு முன்னால் போய் நின்றார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு அந்தக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, மற்றக் கையின் ஈரமில்லாத கட்டைவிரலால் மூடியின் மேல் சிறிதாக ஒரு சிலுவை வரைந்தார்.

உள்ளங்கையில் தண்ணீர் அப்படியே இருந்தது. திரும்பினார்.

"மெஷினுக்குத்தான ஆகாது? மனுசருக்கு ஆகும்ல," என்று கேட்டுக்கொண்டே அவ்வளவையும் கிளாராவின் தலையில் தெளித்தார். உச்சியிலிருந்து வழிந்து மூக்கு நுனிவரை வந்தது.

"உப்பு இருக்கா?" என்றாள் கிளாரா, கண்ணை மூடிக்கொண்டு.

"இருக்கு, ஒரு சிட்டிகை. கண்ணு படக் கூடாதுல்ல." சகாயராணி பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தார். "அன்னிக்கு டார்ச்சப் பிடிக்கச் சொன்னப்ப என்னைய என்னன்னு கூப்பிட்ட?"

கிளாரா யோசித்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை. அமலன் மானிட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பது தெரிந்ததும் நினைவு வந்துவிட்டது. ஈர முகத்தைத் துடைக்காமலே சாக்கை விரித்து உட்கார்ந்து, திருகாணியைக் கழற்றத் தொடங்கினாள்.

"டார்ச்ச எடுத்துட்டு வாங்க அத்தை," என்றாள். "இன்னிக்கும் வேணும்."